கோழிக்குப் பூச்சி மருந்து

எங்கள் மாமா பாதிப்பேச்சுக்காரர். ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். மீதியை எடுத்து முடித்து வைப்பது என் அக்காவின் வேலை. "அந்தச் சட்டை..." என்பார் இவர். "கொடியில காயுது, ஈரம் போகல, வேற போட்டுக்குங்க" என்பாள் அவள். "உன் தங்கச்சி..." என்பார். "வந்துட்டுப் போய்ட்டா, தெச்ச பேன்ட்டு உள்ள இருக்கு" என்பாள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுசாகச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவர் சிரிப்பார். பதில் அக்காவிடமிருந்துதான் வரும். "உனக்கும் சேர்த்து அவர் வாயை மூடிட்டு இருக்கார்டி. யாராவது ஒருத்தர் மூடணும்ல."

எனக்கு வாய் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில் தையல்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அப்படி ஆகிவிட்டது. மாமாவுக்கு அதற்கு நேர் எதிரான தொழில் வியாதி. லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அந்தக் கிரீச்சலிலேயே நின்று காது பாதி போய்விட்டது. அடுத்தவர் பேசுவது பாதிதான் கேட்கும், தான் பேசுவதும் பாதிதான் வரும். அப்படிப்பட்ட மனிதரோடு அக்கா ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ளாமல் வாழ்ந்தாள். நானாக இருந்தால் முதல் வாரமே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

வீடு வரிசையில் கடைசி. முன்னால் ஒரு அறை, உள்ளே சமையலறை, பின்னால் குழாயடியோடு ஒரு புறக்கடை. அங்கேதான் கோழிக்கூடு. பட்டறையில் கழித்துப் போட்ட கம்பியிலும் தகரத்திலும் மாமா கட்டியது. அதன் கதவுக்குத் தாழ்ப்பாளை லேத்திலேயே கடைந்து கொண்டுவந்து போட்டார். தங்கக் கட்டி வைத்திருக்கிற பெட்டிக்குக்கூட அப்படி ஒரு தாழ்ப்பாள் இருக்காது. கோழிகள் அக்காவினுடையவை. துவைத்த துணியில் எச்சமிட்டால் மாமா "உன் கோழி" என்பார். முட்டையிட்டால் "நம்ம கோழி" என்பார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பாதியில் விட்டதில்லை.

கோழிக்கு வயிற்றில் பூச்சி என்றால் அக்காவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கொண்டை வெளுக்கும். இறகு மங்கும். இரையை அள்ளி அள்ளித் தின்னும், ஆனால் தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இருக்காது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டும். எச்சத்தில் வெள்ளை நூலாக நெளியும். உடனே வேப்பங்கொழுந்தையும் பூண்டையும் இடித்துப் பட்டாணி அளவில் உருண்டை பிடிப்பாள். அப்போதெல்லாம் அதுதான் பூச்சி மருந்து.

அது இரண்டு பேர் வேலை. மாமா கோழியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் அலகைப் பிளந்து பிடிப்பார். அக்கா உருண்டையை உள்ளே தள்ளி, கழுத்தைத் தடவிவிடுவாள். வேறு யார் பிடித்தாலும் ஊரைக் கூட்டுகிற கோழி, அவர் கக்கத்துக்குள் போனால் ஊமையாகிவிடும். சுழல்கிற இரும்பைப் பிடித்துப் பழகிய கை. எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்குத் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு கோழி இருந்தது, அது மட்டும் விழுங்கின மாதிரி விழுங்கிவிட்டு, அக்கா திரும்பியதும் அவர் சட்டையில் துப்பும். "உங்க பொண்டாட்டி புத்தி அதுக்கு" என்பேன் நான். "உன் புத்தி. திங்கறது எங்க வீட்டுல, துப்பறதும் எங்க வீட்டுல" என்பாள் அக்கா.

பையன், அக்காவின் ஒரே மகன், அந்தப் பக்கமே வரமாட்டான். கோழிக்கு முடிந்ததும் அடுத்தது தன் முறை என்ற பயம். அவனுக்கும் சின்ன வயதில் வயிற்றில் பூச்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இனிப்புத் தண்ணி மருந்தைக் குடிக்க வைப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மூக்கைப் பிடித்துத்தான் ஊற்றுவாள். அதுவும் எங்கள் வாயில் பூச்சி மருந்துதான். கோழிக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்து, பிள்ளைக்கு ஊற்றுவதும் பூச்சி மருந்து, வயலில் செடிக்கு அடிக்கிற விஷமும் பூச்சி மருந்து. ஒரே பெயரை மூன்றுக்கும் வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தோம்.

பிறகு ஒரு வருஷம் இளங்கோழிகளாகப் பார்த்துச் செத்து விழுந்தன. அக்கா ஒன்றைப் பையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். குடல் முழுக்கத் திணித்து வைத்த மாதிரி புழு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். இலையும் பூண்டும் இதற்குப் பற்றாது என்று டாக்டர் சொன்னார். பாட்டில் மருந்து இருக்கிறது, முதல் நாள் சாயங்காலமே குடிதண்ணீரை எடுத்துவிட வேண்டும், மறுநாள் காலையில் தாகத்தோடு இருக்கும்போது தண்ணீரில் கலந்து வைத்தால் எல்லாம் குடித்துவிடும் என்றார். சில வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை கொடுத்தே ஆக வேண்டும், மண்ணில் கிடக்கிற புழுமுட்டை அதற்குள் திரும்ப வயிற்றுக்குப் போய்ப் பொரித்துவிடும் என்றார். அந்த நாட்களில் இடுகிற முட்டையைத் தின்னக் கூடாது என்றும் சொன்னார்.

வேறு யாராவது என்றால் எங்கள் காலத்து மருந்துதான் உசத்தி என்று மல்லுக்கு நின்றிருப்பார்கள். அக்கா அப்படி இல்லை. வெளியே வந்ததும், "இத்தனை நாளா நான் குடுத்தது என் மனசு ஆறத்தான் போல" என்றாள். ஆஸ்பத்திரியை ஒட்டி இருந்த மருந்துக் கடைக்கு நேரே போனாள். அதிலிருந்து எப்போதும் அங்கேதான் வாங்குவாள். சின்ன பாட்டில், ஒரு தடவைக்குத்தான் காணும்.

பாட்டில் வந்ததும் மாமாவின் வேலை போய்விட்டது. கோழியைப் பிடிக்க வேண்டியதே இல்லை. கலந்து வைத்தால் அதுவே குடிக்கும். மாமா குழாயடியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "அப்போ நான்..." என்றார்.

"உங்களுக்கும் வேலை இருக்கு" என்றாள் அக்கா. "சாயங்காலம் தண்ணிச் சட்டியை எடுத்துக் கவுத்து வைக்கிறது உங்க பொறுப்பு. எனக்கு அதுங்க மூஞ்சியைப் பாத்தா பாவமா இருக்கும், திரும்ப ஊத்திடுவேன்."

அதிலிருந்து மருந்துக்கு முதல் நாள் மாமா சட்டியை எடுப்பார், தண்ணீரைச் செடிக்குக் கொட்டுவார், சட்டியைக் கூட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். கோழிகள் அவரைச் சுற்றிக்கொண்டு கத்தும். அவருக்குத்தான் காது கேட்காதே, திட்டட்டும் என்று நின்றிருப்பார். மருந்து எங்கே விற்கிறது, அதற்குப் பெயர் என்ன, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அதுதான் அக்கா இருந்தாளே.

இந்த முறை முதல் தடவை கொடுத்தாயிற்று. இரண்டாவது தடவைக்கு முன்னால் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள். கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "ராணி மாதிரி படுத்துட்டே" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனேன். காய்ச்சல் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பையன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். கட்டில் பக்கத்தில் நானும் மாமாவும்தான்.

அக்கா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோழிக்கு ரெண்டாவது தடவை பூச்சி மருந்து குடுக்கணும். மறந்துடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "இப்ப கோழி ஒண்ணுதான் குறைச்சல். பேசாமப் படு" என்றேன்.

"உன்கிட்ட சொல்லல. அவர்கிட்ட சொல்றேன்."

"நான்..." என்றார் மாமா.

"நீங்க மறக்க மாட்டீங்க. தெரியும்" என்றாள்.

அவர் வாக்கியத்தை அவள் முடித்து வைத்தது அதுதான் கடைசி. பையன் வந்து சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனார்கள். பையனுக்கு லீவு முடிந்துவிட்டது, அவனும் மனசில்லாமல் கிளம்பினான். மாமா அழவே இல்லை. குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருப்பார். நான் சாப்பாடு கொண்டுபோனால் இரண்டு வாய் தின்பார், மீதி கோழிக்குப் போகும். "அழுதுடுங்க மாமா, மனசுல வெச்சுக்காதீங்க" என்பேன். "அவ..." என்பார். அதற்கு மேல் அவருக்கும் வராது, எனக்கும் எடுத்துக் கொடுக்க வராது. எனக்கு என் அக்கா போய்விட்டாள். அவருக்கு வாயே போய்விட்டது.

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். மாமா சாலையில் போனார். குளித்து, தலை சீவி, நான் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மனுஷன் எழுந்துவிட்டார் என்று சந்தோஷமாக மெஷினை மிதித்தேன்.

அவர் போனது உரக்கடைக்கு. கோழிக்குத் தவிடும் நொய்யும் வாங்குகிற கடை அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். அங்கே நடந்ததை உரக்கடைக்காரரே பின்னால் என்னிடம் சொன்னார்.

"பூச்சி மருந்து வேணும்" என்றாராம் மாமா.

"அடிக்கவாண்ணே? எந்தச் செடிக்கு?"

"அடிக்க இல்ல" என்று தலையாட்டினாராம். "குடிக்க."

உரக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?"

"தண்ணில கலந்து. காலைல, வெறும் வயித்துல."

"யாருக்குண்ணே?" என்று கேட்டாராம். கேள்வி காற்றாகத்தான் வந்திருக்கிறது. மாமாவுக்கு அது எங்கே கேட்கப் போகிறது. அவர்பாட்டுக்குச் சொன்னாராம், "அவ சொல்லிட்டுப் போனா. மறந்துடாதீங்கன்னு."

நீங்களே சொல்லுங்கள். பெண்டாட்டி செத்து மண் காயாத மனுஷன், வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று இப்படிக் கேட்டால் யார்தான் என்ன நினைப்பார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, உரக்கடைக்காரர் பையனுக்குப் போன் போட்டார். அவர் செய்தது சரி என்று என் புத்தி சொல்கிறது. வயிறு கேட்கமாட்டேன் என்கிறது. கோழிக்கு என்று ஒரு வார்த்தை, அந்த ஒரே ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் போதும். ஆனால் எப்போதும் அக்கா போடுகிற வார்த்தை அல்லவா அது.

மத்தியானத்துக்குள் பையன் காரில் வந்து இறங்கினான். எனக்குச் சேதி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருந்தான். சவரக் கத்தியைக் காணோம், எலி மருந்தைக் காணோம், காய் நறுக்குகிற கத்தியைக் காணோம். துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டான். மாமா ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு புறக்கடையில் கொடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பையன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கிசுகிசுவென்று விஷயத்தைச் சொன்னான். "அவர்கிட்ட இதைப் பத்தி வாயைத் திறக்காதீங்க சித்தி. தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா இன்னும் ஆபத்தாம். எல்லாரும் சொல்றாங்க."

"போடா பைத்தியக்காரா" என்றேன். "அது கோழிக்கு. உங்கம்மா ஆஸ்பத்திரியில சொன்னா. என் காதால கேட்டேன்."

"உரக்கடையில குடிக்கன்னு சொல்லியிருக்கார் சித்தி."

"நீயும்தான் குடிச்சே சின்ன வயசுல. பூச்சி மருந்து. மூக்கைப் பிடிச்சு ஊத்தினா உங்கம்மா. செத்தா போனே?"

அவன் காதில் ஏறவில்லை. சரி, அவரையே கேட்கலாம் என்று கையைப் பிடித்துப் புறக்கடைக்கு இழுத்து வந்தேன். மாமாவின் காதருகில் போய்ச் சத்தமாகக் கேட்டேன். "உரக்கடையில எதுக்கு மாமா மருந்து கேட்டீங்க?"

"ரெண்டாவது தடவை..." என்றார்.

"கோழிக்கு ரெண்டாவது தடவை குடுக்கணும், அதுக்குத்தானே?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நான் பையனைப் பார்த்தேன். கேட்டுக்கொள் என்கிற மாதிரிதான் பார்த்திருப்பேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க எடுத்துக் குடுத்தீங்க சித்தி. அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். அன்னைக்கு நான் ஊருக்குக் கிளம்பும்போதும் இப்படித்தான் தலையாட்டினார், நிம்மதியா இருக்கிற மாதிரி. அம்மாவுக்குத்தான் நான் வந்து சேரல. இவரையும் விட்டுட்டு எப்படிப் போவேன்?"

அக்கா முடித்து வைத்தால் அது அவர் பேச்சு. நான் முடித்து வைத்தால் அது என் பேச்சாகிவிட்டது.

மறுநாள் காலையில் அழைத்துப் போய்விட்டான். ஏதோ கொஞ்ச நாள் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு வரப்போகிறோம் என்று மாமா நினைத்தார். காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, "சின்னது, கோழிக்கு..." என்றார்.

"நான் பாத்துக்கறேன் மாமா. மருந்தையும் நானே குடுத்துடறேன்."

அன்றைக்குச் சாயங்காலமே போய்த் தண்ணீர்ச் சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். கோழிகள் என்னைச் சுற்றிக்கொண்டு கத்தின. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன். மறுநாள் மாட்டாஸ்பத்திரிக் கடை திறக்கும்வரை காத்திருந்து, பாட்டிலை வாங்கிக்கொண்டு போனேன். புறக்கடைக் கதவு திறந்து கிடந்தது. கூடு காலி. கடைந்து போட்ட அந்தத் தாழ்ப்பாள் மட்டும் ஒழுங்காகச் சாத்தியிருந்தது. தரையில் சாம்பல் இறகு இரண்டு கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், கறிக்கடைக்காரர் வந்து கூடையில் போட்டு எடுத்துப் போனார், பையன் போன் செய்து கொடுத்துவிட்டானாம் என்று.

போனில் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. "கோழி இருக்கிற வரைக்கும் அந்த மருந்தைக் கேக்க அவருக்கு ஒரு சாக்கு இருக்கும் சித்தி" என்றான். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நீங்க பாத்துக்கறீங்கன்னே நெனச்சுக்கட்டும்." கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பயந்தவனை என்ன செய்வது. அவன் அப்பாவை எமன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பாட்டிலைக் கடையில் கத்தரிக்கோல் இருக்கிற டிராயரில் வைத்தேன். அதற்குப் பிறகு மாமா போனில் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "குடுத்தாச்சா?"

"வாங்கி வெச்சிருக்கேன் மாமா" என்பேன். அதுவாவது உண்மை.

"தள்ளிப் போடாதே. மறுபடியும் பூச்சி..." என்பார். பையன் போனை வாங்கிக்கொள்வான்.

ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடி வீடு. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். பால்கனிக் கதவுக்குப் பூட்டு. சவரம் பையனே செய்துவிட்டான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் செய்கிற மாதிரி. இரும்பைக் கடைந்த அந்தக் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. ஆள் இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. பையன் காபி எடுக்க உள்ளே போன நேரம் மாமா என் பக்கம் குனிந்தார். "தாழ்ப்பாள் எல்லாம்... எனக்குப் புத்தி ஏதாவது..."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல மாமா. நல்லாத்தான் இருக்கீங்க."

அவர் நம்பவில்லை. தனக்குத் தெரியாமல் தனக்கு ஏதோ ஆகிவிட்டது, எல்லோரும் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வேன்? நீங்கள் சாகப் போனீர்கள் என்று உங்கள் பிள்ளை நினைக்கிறான் என்றா? இல்லாத நினைப்பை நானே அவர் தலையில் போட்டுவிட்டால்? பேருந்தில் வரும்போது வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவள் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்து, வீட்டை வாடகைக்கு விடலாம் என்று பையன் முடிவு செய்தான். சாமான்களை எடுக்க ஒரு நாள் காலையில் வந்தார்கள். மாமாவைத் தனியாக விட முடியாதே, கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அப்பா கோழியைக் கேட்டால் ஏதோ நோய் வந்து செத்துவிட்டது என்று சொல்லுங்கள் சித்தி என்று எனக்கு முன்னாலேயே போனில் சொல்லியிருந்தான்.

மாமா காரிலிருந்து இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "சின்னது, மருந்து..."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தக் கை நீண்டபடியே நின்றது. என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எதற்காக அதை எடுத்துப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே புகுந்து, சமையலறை வழியாக விறுவிறுவென்று புறக்கடைக்குப் போனார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. நான் பின்னால் ஓடினேன்.

கூட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டி, நான் கவிழ்த்து வைத்தது, அப்படியே கிடந்தது. மேலே பாசி படர்ந்திருந்தது. அவர் கண்ணுக்குப் பாசி தெரியவில்லை, கவிழ்ந்திருப்பது மட்டும்தான் தெரிந்தது. முகம் மலர்ந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்தே எடுத்துக் கவுத்திட்டியா" என்றார். பிறகு நாக்கைத் தட்டி, "பா... பா... பா..." என்று கூப்பிட்டார். சுவரோரம் பார்த்தார். செடிக்குப் பின்னால் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார். காது கேட்காததால் கோழிச் சத்தம் தனக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். கையில் பாட்டில்.

அந்தக் கோலத்தில்தான் பையன் அவரைப் பார்த்தான். "அப்பா, வேண்டாம்பா" என்று அலறிக்கொண்டு பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினான். இருவர் கைக்கும் நடுவில் அது நழுவி, குழாயடிக் கல்லில் விழுந்து உடைந்தது. வெள்ளையாக மருந்து ஓடியது. பையன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போகாதீங்கப்பா, போகாதீங்கப்பா" என்று தேம்பினான்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பையனின் முதுகைத் தடவிக்கொண்டே, உடைந்த பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழற்றிய தாழ்ப்பாள், பூட்டிய பால்கனி, காணாமல் போன சவரக் கத்தி, எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையனை மெல்ல விலக்கி, அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"கோழிக்கு ரெண்டாவது தடவை பூச்சி மருந்து குடுக்கணும்னு உங்கம்மா என்கிட்ட சொல்லிட்டுப் போனாடா. அதைத்தான் நான் கேட்டேன்."

அந்த மனுஷன் வாயிலிருந்து தலையும் வாலுமாக முழுப் பேச்சு வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பையன் குனிந்து, உடைந்த கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான். அதில் ஒரு கோழி படம் இருந்தது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

மாமா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுடா. போகட்டும். வேற பாட்டில் வாங்கிக்கலாம்" என்றார். பிறகு கூட்டுப் பக்கம் திரும்பி, தான் கடைந்த அந்தத் தாழ்ப்பாளை நீக்கி, குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்ததும் என்னிடம்தான் கேட்டார்.

"நம்ம கோழி..."

மீதியை எடுத்து முடிக்க அக்கா இல்லை. பையன் தலையைத் தூக்கவில்லை. நோய் வந்து செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் அந்த வீட்டில் இன்னொரு தப்பான வார்த்தை வேண்டாம் என்று தோன்றியது.

"குடுத்தாச்சு மாமா" என்றேன். "கறிக்கடைக்கு."

அவருக்கு அது நன்றாகக் கேட்டது. திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. பிறகு குனிந்து, கவிழ்ந்து கிடந்த சட்டியை எடுத்து, குழாயில் பாசி போகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் பிடித்துக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.